மூணாவது கட்டில்

போன் வரட்டும், நான் ரெடி. "சொல்லும்மா" என்று ஆரம்பிப்பேன், கனமாக, ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே பேசுகிற ஆள் மாதிரி. "நானும் வர்றேன், மூணு கட்டில்னே போட்ரு" என்பேன். அக்கா குதிப்பாள், குதிக்கட்டும், ஏன் எப்படி என்று கேட்க வாய் திறப்பதற்குள் "சரிம்மா, சிக்னல் இல்ல, வைக்கிறேன்" என்று வைத்துவிடுவேன். முடிந்தது. அப்பாவின் குரல் எனக்கு வாசலில் கிடக்கிற ரப்பர் செருப்பு, குனியக்கூட வேண்டாம், காலை நுழைத்தால் தானாக நடக்கும். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன் வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற தண்ணித் தொட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறேன், ஏனென்றால் எங்கள் காட்டுமல்லி எஸ்டேட்டில் சிக்னல் என்பது இந்தத் தொட்டியின் கிழக்கு மூலையில் மட்டும்தான் குடியிருக்கிறது, நிமிர்ந்து உட்கார்ந்தால் ஒரு கோடு, குனிந்தால் அதுவும் போய்விடும், வீடியோ காலெல்லாம் பொள்ளாச்சிக்கு இறங்கினால்தான். நல்லதாகப் போயிற்று, முகம் தெரிந்தால் என் தொழில் நடக்காது. அப்பாவின் போன் மடியில் கதகதவென்று இருக்கிறது, சார்ஜில் போட்டதை மறந்துவிட்டு பாக்டரிக்குப் போய்விட்டார், மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனாரா, அதை அப்புறம் யோசிக்கலாம். இன்றைக்கு அக்கா கூப்பிடுவாள் என்று அவருக்குத் தெரியும். காலையில் பல் துலக்கிக்கொண்டே, வாயில் நுரையோடு, "நீயும் அம்மாவும் போய்ட்டு வாங்க பெர்லி, நான் வீட்டப் பாத்துக்கிறேன்" என்றார். வீட்டை என்ன பார்ப்பது, ஒரு ரூம், ஒரு அடுப்படி, அது எங்கே ஓடிவிடப் போகிறது. இன்று சாயங்காலத்துக்குள் மூன்று பேரா இரண்டு பேரா என்று சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் ஆப்பிரிக்காவில் மசாய் மாராக் காட்டில் ஆற்றங்கரைக் கூடாரத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், மிருகங்கள் கூட்டம்கூட்டமாக ஆறு தாண்டுகிற சீசன், உலகமே அங்கே போய் நிற்கிறது, அப்புறம் எங்கள் காலாண்டுப் பரீட்சை லீவுக்கு இடமே கிடைக்காது என்று அக்கா நேற்று சொன்னாள். அழுத மாதிரிகூட இருந்தது. அக்கா அழுதால் அவள் குரல் இரண்டாகப் பிளந்து ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போகும், அதையும் என்னால் செய்ய முடியும், ஆனால் செய்வதில்லை.

ஜெசிந்தா அக்கா கென்யாவில் கெரிச்சோ என்கிற ஊரில் ஒரு தேயிலை பாக்டரியில் இருக்கிறாள், தூளைக் கொதிக்கவைத்து வரிசையாகக் கிண்ணங்களில் ஊற்றி, சர்ரென்று உறிஞ்சித் துப்பி, இது நல்லது இது மட்டம் என்று சொல்கிற வேலை. "தேயிலையே வேணாம்னு படிச்சவ, கடலத் தாண்டிப் போயி தேயிலைக்குள்ளயே விழுந்தா பாரு" என்பாள் அம்மா, அப்படிச் சொல்லும்போது அம்மாவின் குரல் முன்பல்லுக்குப் பின்னால் ஒளிந்து நின்று சிரிக்கும். எல்லாக் குரலுக்கும் ஒரு குடியிருப்பு உண்டு, இதுதான் என் ரகசியம், மிமிக்ரி என்றால் தொண்டை என்று நினைக்கிறார்கள், தொண்டை வெறும் வாசல், ஆள் உள்ளே எந்த ரூமில் இருக்கிறான் என்று கண்டுபிடிக்க வேண்டும். டீக்கடை குஞ்ஞுமோன் சேட்டன் மூக்கில் இருக்கிறார். எங்கள் பங்குச் சாமியார் வயிற்றில், சாப்பாட்டுக்கு மேலே. டியூசன் சார் நாக்கு நுனியில் தொங்குகிறார், அதனால்தான் முதல் பெஞ்சில் சாரல் அடிக்கிறது. சாயங்காலமானால் எந்தப் பக்கம் யானை நிற்கிறது என்று சிக்னல் எட்டுகிற போனுக்கெல்லாம் வந்து சொல்கிற பதிவுக்குரல் அக்கா இருக்கிறாளே, அவள் எங்கேயுமே இல்லை, அவளைப் பிடிக்கத்தான் ரொம்ப நாள் ஆனது, கடைசியில் மூச்சே விடாமல் பேசிப் பார்த்தேன், வந்துவிட்டாள். டியூசனில் பென்சில் எடுக்கிற மாதிரிக் குனிந்து, பெஞ்சுக்கடியிலிருந்து, "வணக்கம். இன்று மாலை, நான்கு யானைகள், டியூசன் கட்டடத்தின் பின்புறம் நிற்கின்றன. பொதுமக்கள், அமைதியாக வீட்டிற்குச் செல்லவும்" என்றேன். டியூசன் சார் அமைதியாகச் செல்லவில்லை, சன்னல் வழியாகச் சென்றார். அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அடி நிச்சயம் என்று அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன், அப்பா துண்டை ஆணியில் மாட்டிவிட்டு, "யானைய வெச்சு விளையாடாத" என்றார், அதுவும் சத்தம் போடாமல், சுவரைப் பார்த்து. அடித்திருந்தால் மறந்திருப்பேன். இப்போது எதற்கு அது ஞாபகம் வருகிறது, போ, போ, "சொல்லும்மா", "சொல்லும்மா", நன்றாகத்தான் இருக்கிறது, இன்னும் ஒரு நூல் இறங்கினால் சரியாக இருக்கும்.

அக்கா முதன்முதலில் இந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்னபோது எஸ்டேட் முழுக்கச் சிரித்தது. குஞ்ஞுமோன் சேட்டன் டீயை ஆற்றுகிற கையை அப்படியே மேலே நிறுத்திவிட்டு, அப்பாவைப் பார்த்து, "எந்தா சவரியண்ணா, ஆனயப் பாக்க ஆப்பிரிக்கா போறீங்களா? இவிட அது ஓசியில வருதே! கதவ முட்டிப் பொளிச்சு உள்ள வருதே!" என்று மூக்கிலிருந்து கத்தினார். சிரிக்க மாட்டார்களா பின்னே, போன மழைக்காலத்தில் யானை ரேஷன் கடை ஷட்டரைப் பிய்த்து அரிசி தின்றுவிட்டுப் போனது, பள்ளிக்கூட வாட்டர் டேங்கில் சிறுத்தை தண்ணீர் குடித்தது, நாங்கள் காசு கொடுத்து மிருகம் பார்க்கக் கிளம்புகிறோம். ஆனால் அக்கா விடவில்லை. "இங்க பாக்குற மாதிரி இல்லப்பா அது, ஓடுறதுக்காகப் பாக்க வேணாம், சும்மா உக்காந்து பாக்கலாம்" என்றாள், அந்த ஒரு வரியில் அம்மா விழுந்துவிட்டாள். ஆயுசுக்கும் யானையின் பின்பக்கத்தையும் இருட்டில் அதன் சத்தத்தையும் மட்டுமே அறிந்தவள், அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம் என்றால் சும்மாவா. விழுந்தவள் எழுந்ததும் சட்டம் போட ஆரம்பித்தாள். அக்கா ஒரு பை இட்லி அரிசி கொண்டுவரச் சொன்னாள், அம்மா முடியவே முடியாது என்றாள், "துணிக் கூடாரத்துக்குள்ள அரிசிய வெச்சுக்கிட்டுப் படுக்கச் சொல்றா பாரு, படிச்ச பொண்ணு." எங்கள் லயனில் அரிசியும் உப்பும் படுக்கிற ரூமில் இருக்கவே இருக்காது, எந்தச் சுவருக்குப் பின்னால் அரிசி வாசனையோ அந்தச் சுவர்தான் முதலில் விழும், குழந்தைக்குக்கூடத் தெரியும். அக்கா, "அம்மா, அங்க இருக்கிற யானைக்கு அரிசின்னா என்னன்னே தெரியாதும்மா" என்றாள். அம்மா, "நம்மூரு யானைக்கு மட்டும் யாரு பாடம் நடத்துனா? ஒரு தடவ தின்னாத் தெரிஞ்சுபோவும். நம்மளாலயா அது பழகணும்?" என்றாள். அக்கா வேறு வழியில்லாமல் அந்தக் கூடாரக்காரர்களிடமே கேட்டாள், இத்தனை வருடத்தில் எந்த விருந்தாளியும் இப்படிக் கேட்டதில்லை, உங்கள் அம்மாவின் அரிசியைச் சமையலறையில் பூட்டி வைக்கிறோம் என்று பதில் அனுப்பினார்களாம். அம்மாவுக்கு அன்றைக்கு ஒரு பெருமை. அடுத்த கேள்வி, "அங்க யானை வந்தா எந்த நம்பர்ல இருந்து போன் வரும்?" அதற்கடுத்து சேலை. நீலமும் கறுப்பும் உடுத்தினால் அங்கே ஒரு ஈ தேடி வந்து கடிக்குமாம், அம்மாவிடம் உள்ள நல்ல சேலை அத்தனையும் மாதாவுக்கு நேர்ந்துகொண்ட நீலம். மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒரு பச்சைச் சேலை எடுத்தாள். இதையெல்லாம் நான் குரல் மாற்றி மாற்றி நடித்துக் காட்டுவேன், அம்மா, அக்கா, இங்கிலீஷ் பேசுகிற கூடாரக்காரி, கடைசியாக ஈ. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாள். அப்பாவும் சிரிப்பார். சிரிப்பார்தான். ஆனால் அவர் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை, என்ன சாப்பாடு, எவ்வளவு தூரம், குளிர் எப்படி, ஒன்றும் கேட்டதில்லை, இப்போதுதான் உறைக்கிறது, போகப்போகிற ஆள் ஏதாவது ஒன்று கேட்பான் இல்லையா.

மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு மெட்ராஸ் போனோமே, அன்றைக்கும் அப்படித்தான். வரிசையில் எங்களுக்கு முன்னால் கப்பலில் போகிறவர்கள், பின்னால் ஒரு பாதிரியார் கூட்டம், அப்பா எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்றார். இன்னும் கொஞ்சம் பேர்தான் என்கிறபோது "ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று போனார். நாங்கள் ஊசி போட்டு, தலைசுற்றுகிறதா என்று பார்க்கிற ரூமில் உட்கார்ந்திருந்து, தலை சுற்றாமல் வெளியே வந்தால், வேப்ப மரத்தடியில் ஒரு காகிதப் பொட்டலத்தில் கொய்யாப்பழத்தோடு நிற்கிறார். "கூட்டமா இருந்துச்சு, நான் அடுத்த தடவ போட்டுக்கிறேன்." கூட்டமாவது, அம்மாவுக்குப் பின்னால் இடம் காலியாகவே இருந்தது, நர்ஸ் இரண்டு முறை பெயரைக் கூப்பிட்டாள், சவரிமுத்து, சவரிமுத்து, அவள் குரல் கன்னத்துக்குள் பாக்கு வைத்த மாதிரி இருந்தது, நான் அதைப் பிடிப்பதில் மும்முரமாக இருந்தேன். அப்பா ஊசிக்குப் பயப்படுகிற ஆளா? கை நசுங்கி ஏழு தையல் போட்டபோது டாக்டரோடு கிரிக்கெட் பேசினவர். ஊசி இல்லை. அது வேறு என்னவோ. காலுக்கடியில் சிமெண்ட் ஈரமாக ஏறுகிறது, சாரல் நின்று மூடுபனி கீழே தேயிலைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது, அட்டை ஒன்று என் செருப்பின் விளிம்பில் எழுந்து நின்று எந்தப் பக்கம் ரத்தம் என்று தலையை ஆட்டி யோசிக்கிறது, சுண்டிவிட்டேன். பாக்டரிச் சங்கு இன்னும் ஊதவில்லை. ஊதினால் அப்பா நேரே குஞ்ஞுமோன் கடைக்குப் போவார், அதற்குள் அக்கா கூப்பிட்டுவிட வேண்டும், கூப்பிடுவாள், எனக்கு எப்போதும் நேரம் சரியாக அமையும். ஒருமுறை வாக்குக் கொடுத்துவிட்டால் அப்பா மாற மாட்டார், அதுதான் என் கணக்கு. "எப்படா சொன்னேன்?" என்று முழிப்பார், அதற்குள் அக்கா அங்கே எல்லோரிடமும் எங்கப்பா வருகிறார் என்று சொல்லியிருப்பாள், மகளை நாலுபேர் முன்னால் தலைகுனிய விடுவாரா, விட மாட்டார், முனகிக்கொண்டே போய் ஊசி போட்டுக்கொள்வார். அருமையான திட்டம். யாருக்கும் வராது இந்த மூளை.

"க்ஹும். சொல்லும்மா." இதோ, இந்தச் செருமல். இதைச் சேர்த்தால்தான் அப்பா முழுசாக வருகிறார், பேசுவதற்கு முன்னால் தொண்டையில் ஒரு சின்ன அடைப்பை நகர்த்துகிற மாதிரி. எப்போதிலிருந்து செருமுகிறார்? தேயிலைக் கொழுந்து வண்டி ஓட்டிய காலத்தில் செருமல் கிடையாது, சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்திப் பேசிப் பேசி வீட்டுக்குள்ளும் அப்படித்தான் பேசுவார், அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். செருமல் யானைக்கு அப்புறம்தான். ஆமாம், யானைக்கு அப்புறம். அந்தக் கதையை நான் எத்தனை முறை மேடையேற்றியிருப்பேன், ஆரோக்கிய மாதா திருவிழாவில் கைதட்டல் அடங்கவே இல்லை. பறித்த கொழுந்தை ஏற்றிக்கொண்டு அப்பா பாக்டரிக்கு வருகிறார், இரட்டைப் பாலத்து வளைவு, திரும்பினால் ரோட்டை அடைத்துக்கொண்டு ஒற்றைக் கொம்பன் யானை. அப்பா பதறவில்லை, எஞ்சினை நிறுத்துகிறார். கொம்பன் வந்து முன்கண்ணாடியில் தும்பிக்கையை வைக்கிறது, கண்ணாடி விரிகிறது. அப்பா அதன் கண்ணைப் பார்த்துச் சொல்கிறார், "ராசா, வழிய விடு, கொழுந்து வாடுது." கொம்பன் யோசிக்கிறது, ஒதுங்குகிறது. சின்னப் பிள்ளைகள் இப்போதும் வரிசையில் முந்த வேண்டுமென்றால் அந்த வசனத்தைத்தான் சொல்கிறார்கள். மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்த வாட்ச்மேன் தங்கராசு மாமாதான் ஒரே சாட்சி. அவரிடமிருந்துதான் நான் கதையை வாங்கினேன். "உங்கப்பா என்னமோ பேசுனாரு பாப்பா, அது போயிருச்சு" என்றார். என்ன பேசினார் மாமா? "எனக்கென்ன தெரியும், நான் மூட்டைக்கு அடியிலல்ல கெடந்தேன்." என்னமோ. அந்த என்னமோவுக்கு வசனம் எழுதியது நான். கொம்பனின் மூச்சு நான், கண்ணாடி விரிசல் நான், தங்கராசு மாமாவின் ஜெபம் நான், எல்லோர் குரலிலும் எனக்கு அந்தக் கதை தெரியும், ஒருத்தரைத் தவிர. அப்பா அந்தக் கதையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. திருவிழாவில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து துண்டை நாலாக எட்டாக மடித்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்னாலேயே வண்டியை விட்டுவிட்டார், முட்டி வலி என்று சொல்லி பாக்டரி மாடியில் இலை வாட்டுகிற வேலை வாங்கிக்கொண்டார். முட்டி வலிக்கிறவர் நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குகிற வேலையையா கேட்டு வாங்குவார்? அட, பெர்லி, உனக்கா மூளை.

இரு, இரு, அவசரப்படாதே. முட்டி வலி, செருமல், கொய்யாப்பழம், எல்லாவற்றையும் சேர்த்து அப்பாவுக்குள் போய்ப் பார்க்கலாம், எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். முதுகைக் கொஞ்சம் கூனி, உதட்டை இறுக்கி, வலது காலை முன்னால் நீட்டி, பிரேக்கில் வைத்த மாதிரி. அப்பா எந்த ரூமில் இருக்கிறார்? முன்பு வாய்க்கு வெளியே இருந்தார், இப்போது நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில், ஒரு வளைவில், காலை எடுக்காமல் நிற்கிறார். அங்கிருந்து பேசினால் எல்லா வார்த்தையும் அந்த வளைவைத் தாண்டி வர வேண்டும், அதற்குத்தான் க்ஹும். அங்கே நின்றதும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது, சாரல் குளிரில் வேர்க்கிறது, இது என் வேர்வையா அவருடையதா. அக்கா ஒருநாள் ஆசையாகச் சொன்னாள், "மேல் திறந்த வண்டிப்பா, யானை கிட்ட வந்ததும் எஞ்சின ஆஃப் பண்ணிருவாங்க, மூச்சுச் சத்தம்கூடக் கேக்கும், அவ்ளோ அமைதி!" இந்தத் தொட்டி மேலேயே தட்டோடு உட்கார்ந்து ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம், நான் "ஹையோ" என்றேன், அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள், அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். மீன் குழம்பு. அப்பா மீன் குழம்பை மீதி வைத்து நான் பார்த்ததில்லை. எஞ்சினை ஆஃப் பண்ணிவிட்டு யானைக்காகக் காத்திருக்க ஆயிரக்கணக்கான மைல் பறந்து போக வேண்டும், அவருக்குச் சம்மதம் என்று அவர் குரலில் நான் சொல்லப் போகிறேன். சரி. சொன்னால் என்ன? போய்ப் பார்த்தால் சரியாகிவிடும். சரியாகாவிட்டால்? கடலுக்கு அந்தப் பக்கம், திறந்த வண்டியில், மகள்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க. இல்லை, சரியாகிவிடும், அப்பா இல்லாமல் நாங்கள் போய் யாரிடம் காட்டி "அங்க பாருங்கப்பா" என்பது, அக்கா போன பிறகு மூன்று கிறிஸ்துமஸ் போய்விட்டது, வர வேண்டும், வந்தே ஆக வேண்டும். பாக்டரிச் சங்கு ஊதுகிறது. மடியில் போன் துடிக்கிறது.

"சொல்லும்மா." நன்றாக வந்தது, எனக்கே புல்லரித்தது. அக்காவின் குரல் காற்றோடு வந்தது, "அப்பா! நல்லவேளை நீங்களே எடுத்தீங்க. கூடாரக்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்கப்பா, மூணா ரெண்டா?" நான் வாயைத் திறந்தேன், முதலில் செருமல்தான் வந்தது, வரவழைக்கவில்லை, தானாக வந்தது. "நானும் வர்றேம்மா. மூணு கட்டில்னே போட்ரு." அந்தப் பக்கம் ஒரு கத்தல், ஏதோ கிண்ணம் உருண்ட சத்தம், யாரிடமோ இங்கிலீஷில் என் அப்பா வருகிறார் என்று சொல்கிறாள், அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதில்லை, சின்னப் பிள்ளைக் குரல். வைக்க வேண்டும், இப்போது வைத்துவிட வேண்டும். வைக்கவில்லை, ஏனென்றால் தொட்டிக்குக் கீழே அப்பா நின்றுகொண்டிருந்தார். தூக்குச்சட்டி கையில், தலையில் இலைத் தூசி. சங்கு ஊதும் முன்பே கிளம்பி, டீக்கடைக்குப் போகாமல் போனைத் தேடி நேரே வந்திருக்கிறார். தன் குரல் தனக்கு மேலே உட்கார்ந்து பேசுவதை அண்ணாந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். கோபம் இல்லை முகத்தில், எதுவும் இல்லை. தூக்கைக் கீழே வைத்துவிட்டு, இரும்புப் படியில் ஏறி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார். கொடுத்தேன்.

"க்ஹும். ஜெசிந்தா, நான் வரலம்மா. ரெண்டுன்னே போடு" என்றார் அப்பா.

"ஏய் பெர்லி!" என்று அக்கா கத்தியது எனக்கு வெளியிலேயே கேட்டது. "போன அப்பாகிட்ட குடுடி. இப்பத்தான் வர்றேன்னு சொன்னாரு, உடனே புடுங்கிட்டியா?"

"நான்தாம்மா பேசுறேன்."

"போடி கழுத. அப்பா இப்படியா பேசுவாரு? செருமலெல்லாம் ஓவரா இருக்கு. முன்ன நல்லாப் பண்ணுவ, இப்ப கெட்டுப்போச்சு உனக்கு."

அப்பா என்னைப் பார்த்தார். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது எனக்கு. நான் போலி, என்னை நம்பினாள். அவர் அசல், அவரை மட்டம் என்று துப்பிவிட்டாள். "நான்தான்க்கா பண்ணேன், இப்பப் பேசுறது அப்பா" என்று பக்கத்திலிருந்து என் சொந்தக் குரலில் கத்தினேன், அதையும் நம்பவில்லை, "ரெண்டு குரலும் நீயே பண்ணு, சர்க்கஸ்" என்றாள். "சரிடி, நீ அப்பான்னா சொல்லு பாப்போம். அன்னைக்கு யானைகிட்ட என்ன சொன்ன?"

கீழே தேயிலைக்குள் மூடுபனி எங்கள் லயனின் கூரைவரை வந்துவிட்டிருந்தது. அந்த வசனம் என் வாயில் தயாராக இருந்தது, அவரும் அதைச் சொல்லிவிடலாம், சொன்னால் ஜோக்காக முடிந்துவிடும், நான் அவரைப் பார்க்காமல் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றார். "வண்டிய நான் நிறுத்தல. கால் ஒதறி கிளட்ச்ச விட்டுட்டேன், அதுவா நின்னுபோச்சு. திருப்பி ஸ்டார்ட் பண்ணக் கை வரல. அது கண்ணாடியில மூச்சு விட்டுச்சு. நான் சீட்டுக்குக் கீழ போயிட்டேன். அம்மா, அம்மான்னு சொல்லிக்கிட்டே கெடந்தேன், தங்கராசுக்கு அதுதான் கேட்டிருக்கும். பேண்ட்டெல்லாம் நனைஞ்சுபோச்சு. பாலத்துத் தண்ணியில கழுவிட்டுத்தான் பாக்டரிக்குப் போனேன்."

அப்புறம் "அப்பா" என்றாள் அக்கா. சந்தேகமே இல்லாமல்.

"ஏம்ப்பா இத்தன நாளாச் சொல்லல?"

அப்பா என் தலையில் ஒட்டியிருந்த சாரல் துளியைப் புறங்கையால் தட்டிவிட்டார். "இவ அழகாச் சொல்லிக்கிட்டிருந்தா. எதுக்குக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

எனக்கு ஒரு குரலும் வரவில்லை. என்னுடையதுகூட.

"வரவேணாம்ப்பா. ரெண்டுன்னே போட்டுர்றேன்" என்றாள் அக்கா. அவள் குரல் பிளக்க ஆரம்பித்திருந்தது, மேலே ஒன்று, கீழே ஒன்று. "உங்களுக்குக் கஷ்டம்னா வேணாம்ப்பா. நானே லீவு போட்டு அங்க வர்றேன்."

அப்பா "ம்" என்றார். வலது காலை நீட்டி மடக்கினார். அப்புறம், "அங்க வண்டி ஓட்டுற ஆளு யாரு?" என்றார்.

"எங்க பாக்டரி ஆளோட அண்ணன்தான்ப்பா. கிப்கோரிர்னு பேரு. ரொம்ப வருசமா ஓட்டுறாரு."

"அவரு வண்டி எப்பவாச்சும் நின்னுபோயிருக்கா? அது முன்னால?"

"தெரியலயேப்பா. கேட்டுச் சொல்லட்டுமா?"

"நீ கேட்டா சொல்ல மாட்டான்" என்றார் அப்பா. "டிரைவரு பொம்பளப் புள்ளகிட்ட அதச் சொல்ல மாட்டான். நானே கேக்குறேன். வந்து, தனியா உக்காந்து கேக்குறேன். மூணுன்னு போடு."

அக்கா கத்தியதைச் சிக்னல் பாதியில் விழுங்கிவிட்டது. அப்பா போனை என்னிடம் கொடுத்துவிட்டு, பனிக்குள் எங்கேயோ பார்த்தபடி உதட்டை அசைத்தார். "கிப்கோரி."

"கிப்கோரிர்" என்றேன், அக்காவின் குரலில், கடைசி எழுத்தை உருட்டி.

"நீ இரு" என்றார். செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். "கிப். கோ. ரிர்."